‘டிக் டிக் டிக்’: நம்பும் இடமும் சிரிக்கும் இடமும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ‘டிக் டிக் டிக்’ போட்டால் போதும், பாலசமுத்திரத்தில் பல வீடுகளில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். பெரியப்பா, மாமா வகையறாக்கள் “காதுல பூ சுத்துறான்” என்று முனகியபடியே கடைசிவரை பார்த்துத் தீர்ப்பார்கள். சக்தி சௌந்தர்ராஜன் இயக்கி, ஜெயம் ரவி (இப்போது ரவி மோகன்) நடித்து 2018 ஜூன் 22இல் வெளிவந்த படம் அது. எண்ணூரில் ஒரு விண்கல் விழுகிறது. பின்னாலேயே பெரிய பாறை ஒன்று வருகிறது. அதைத் தகர்ப்பதற்கான அணு ஏவுகணை வேறொரு நாட்டின் விண்வெளி நிலையத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் திருட ஒரு வித்தைக்காரனை மேலே அனுப்புகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த படம். ஓட்டைகள் தெரிந்தேதான் பிடிக்கிறது. ஆனால் அதைக் கொண்டாடுபவர்களும் கேலி செய்பவர்களும் பேசுவதைக் கேட்டால் ஒன்று புரியும். சந்தேகப்பட வேண்டிய இடங்களைக் கேள்வி கேட்காமல் நம்புகிறோம். நம்பத் தகுந்த ஓர் இடத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிறோம்.

நம்பிக்கை: “விண்வெளிக்குப் போன முதல் தமிழ்ப் படம் இதுதான்.”

‘இந்தியாவின் முதல் விண்வெளிப் படம்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். அதை எம்.ஜி.ஆர். ரசிகர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கே வந்துவிடுவார். ஏ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’ 1963 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. அதில் ஒரு வேற்றுக்கிரகம். விஞ்ஞானத்தில் எங்கேயோ போய்விட்ட ஊர், ஆனால் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அதற்காகப் பூமியிலிருந்து பி. பானுமதியை விண்கலத்தில் தூக்கிக்கொண்டு போகிறார்கள், எம்.ஜி.ஆர். போய் மீட்டு வருகிறார். அதே வருஷம் நவம்பர் 21 அன்றுதான் தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ராக்கெட் கிளம்பியது. அதுவும் அமெரிக்காவில் செய்த நைக்-அப்பாச்சி. அதற்கு ஏழு மாதம் முன்பே எம்.ஜி.ஆர். மேலே போய் வந்தாயிற்று.

எல்லாம் இருந்தும் ஒரு பாட்டுக்காரிக்காகத் தவிக்கிற கிரகம் என்ற கற்பனைக்கு ஈடாக ‘டிக் டிக் டிக்’கில் எதுவும் இல்லை என்பது என் கட்சி. விண்கலம், விண்வெளி உடை, விண்வெளி நிலையம் என்று கதையின் பெரும்பகுதியை மேலேயே நடத்திய துணிச்சலுக்கு வேண்டுமானால் புதுப்படத்துக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

நம்பிக்கை: “மேலே ஈர்ப்பு விசை கிடையாது, அதனால்தான் மிதக்கிறார்கள்.”

இதில் கட்சி பேதமே இல்லை. கேலி செய்கிற மாமாவும் இதை நம்புகிறார்.

சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுவது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். பழனியில் பஸ் ஏறிச் சென்னை போய்ச் சேரும் தூரத்தைவிடக் குறைவு. அவ்வளவு கிட்டத்தில் பூமியின் பிடி எங்கே போய்விடும்? தரையில் எடைமெஷினில் 60 கிலோ காட்டுகிற ஆள், அந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி உச்சியில் நின்றால் 53 கிலோ காட்டுவார். மிதக்க மாட்டார், தடுக்கினால் விழுவார்.

பிறகு ஏன் மிதக்கிறார்கள்? விழுந்துகொண்டே இருப்பதால்தான். மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடியபடி விழுகிறார்கள். விழ விழப் பூமியின் வளைவும் அவர்களுக்குக் கீழே விலகிக்கொண்டே போகிறது, தரை கைக்கு எட்டுவதில்லை. கலமும் ஆளும் ஒன்றாகவே விழுவதால் உள்ளே எதற்கும் எடை தெரியாது. பழனித் திருவிழாவில் ராட்டினம் மேலிருந்து சர்ரென்று இறங்கும்போது வயிற்றுக்குள் ஒரு கணம் என்னவோ செய்யுமே, அது நிற்காமல் நீண்டால் எப்படி இருக்குமோ அப்படி.

இது புரிந்தால் இன்னொரு கதையும் அடிபட்டுப் போகும். திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன, நாசாவே திகைத்துப் போனது என்று வருஷாவருஷம் வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வரும். அந்த வேகம்தான் செயற்கைக்கோளை விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் கீழே வரவேண்டியதுதான். ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும் செயற்கைக்கோள்களும் உண்டு, ஆனால் அவை பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுபவை. சனீஸ்வரர் மகிமைக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு?

விண்வெளி நிலையத்தைப் பார்க்க டெலஸ்கோப் தேவையில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலாறு-பொருந்தலாறு அணைக்கரையில் பொழுது சாய்ந்த பிறகு, மேகம் இல்லாமல், அது நம் பக்கம் கடக்கிற நாளாகவும் இருந்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். விமானம்போல் சிமிட்டாது. ஒரே சீராக நகரும் பளிச்சென்ற புள்ளி. சில நாள் நடுவானிலேயே சட்டென்று அணைந்துவிடும். பூமியின் நிழலுக்குள் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

நம்பிக்கை: “உடை கிழிந்தால் உடம்பு வெடித்துச் சிதறும்.”

சிதறாது. தோல் அவ்வளவு லேசுப்பட்டதல்ல. 1966இல் ஹூஸ்டனில் ஒரு வெற்றிட அறைக்குள் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்த ஜிம் லெப்ளாங்க்கின் உடையில் காற்றுக்குழாய் கழன்றுகொண்டது. 14 விநாடிகளில் மயங்கி விழுந்தார். அதற்குமுன் நாக்கில் எச்சில் கொதிப்பதை உணர்ந்ததாகப் பிறகு சொன்னார். உடனே காற்றை நிரப்பினார்கள், பிழைத்துவிட்டார்.

சத்தம் கேட்காது என்பது உண்மைதான். காற்று இல்லாத இடத்தில் வெடிச்சத்தம் கிடையாது. ஆனால் டி. இமானின் பின்னணி இசையை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

நம்பிக்கை: “பாறை வந்தால் அணுகுண்டு போட்டுத் தூளாக்கிவிடலாம்.”

இந்தப் படமும் அதற்கு இருபது வருஷம் முந்தைய ‘ஆர்மகெட்டான்’ படமும் சேர்ந்து நம் தலையில் ஏற்றிய சரக்கு இது. கடைசி நாட்களில் உடைத்தால் துண்டுகள் ஏறக்குறைய அதே வழியில்தான் வந்துகொண்டிருக்கும். வருஷக்கணக்கில் முன்பே கண்டுபிடித்து லேசாகத் தள்ளிவிட்டால் போதும். வழி மாறிப் போய்விடும். 2022 செப்டம்பர் 26 அன்று நாசா அதைச் செய்து காட்டியது. பூமிக்கு ஆபத்தில்லாத, சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்பாஸ் என்ற பாறைமீது டார்ட் என்ற கலத்தை நேரே மோதவிட்டார்கள். அது தன் பெரிய துணைப் பாறையைச் சுற்றிவர எடுத்த நேரம் 11 மணி 55 நிமிடம். மோதிய பிறகு அரைமணி நேரத்துக்கு மேல் குறைந்துவிட்டது. குண்டே இல்லை, வெறும் மோதல்.

விண்கல் விழுவது மட்டும் கட்டுக்கதையல்ல. 2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் பாறை வெடித்தபோது ஆயிரம் பேருக்குமேல் காயமடைந்தார்கள். பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடி உடைந்து பட்ட காயம். அவ்வளவு தூரம் போவானேன்? தினமும் காலையில் நாம் முகம் பார்க்கிற பழனி மலைத்தொடரிலேயே 1898இல் ஓர் இரும்பு விண்கல் கிடைத்தது. இரும்புக்குள் பாறைத் துணுக்குகள் பொதிந்த அபூர்வ ரகம். ‘கொடைக்கானல்’ என்ற பெயரிலேயே உலக ஆராய்ச்சியாளர்கள் அதை அறிவார்கள். எண்ணூரைவிட இது பக்கம்.

நம்பிக்கை: “வித்தைக்காரனாவது, விண்வெளிக்குப் போவதாவது!”

தியேட்டரில் பலமாகச் சிரிப்பு வந்தது இதற்குத்தான். விமானப்படை வீரர்களையே ககன்யானுக்காக ரஷ்யாவில் ஒரு வருஷத்துக்குமேல் பழக்கியிருக்கிறார்கள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அப்படியிருக்க, நாலு பூட்டைத் திறக்கத் தெரிந்தவனை ராக்கெட்டில் ஏற்றுவார்களா?

ஏற்றியிருக்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த கீ லாலிபெர்த்தே தெருவில் வாயால் நெருப்பு ஊதிப் பிழைத்தவர். பிறகு ‘சர்க் டு சோலே’ சர்க்கஸைத் தொடங்கிப் பெரும் பணக்காரரானார். 2009 செப்டம்பர் 30 அன்று சோயூஸ் கலத்தில் விண்வெளி நிலையத்துக்குப் போனார். கோமாளியின் சிவப்பு மூக்கும் கூடவே போனது. பதினோரு நாள் கழித்துப் பத்திரமாகத் தரையிறங்கினார். ஒரே வித்தியாசம், டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து, ரஷ்யாவில் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துக்கொண்டு போனார். திருடுவதற்கு அங்கே அவருக்கு ஏவுகணை எதுவும் இருக்கவில்லை.