துருத்தியும் துளையும்: டர்போக் காரின் காற்றுக் கசிவு பற்றிய ஓர் ஆய்வு

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் பெருந்தெரு மாவனல்லையைக் கடந்தபின் கடுகண்ணாவை மலையில் ஏறுகின்றது. ஆளுநர் எட்வேட் பார்ண்ஸ் காலத்தில் கப்டன் டோசனின் மேற்பார்வையில் அமைந்த பாதை அது. 1829 இல் மறைந்த டோசனின் நினைவாக 1832 இல் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் மலைத்தலையில் நிற்கின்றது. அவ்வேற்றத்தைத் தாண்டி வருவோரை வரவேற்கும் ஊர்களுள் ஒன்று பிலிமத்தலாவை. மலையேறும் வண்டியின் மூச்சைப் பற்றி இங்கிருந்து எழுதுவது பொருத்தமேயாகும்.

பிலிமத்தலாவை பித்தளை வேலைக்குப் பேர்பெற்றது. உலைக்களத்துத் துருத்தியின் தோலில் சிறு துளை விழுந்தால், ஊதிய காற்று நெருப்பைச் சேராது. ஊதுபவன் கை ஓயும், உலையோ சூடேறாது. டர்போ என்பதும் ஒரு துருத்தியே. 1905 இல் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி இதற்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சுழலியைச் சுழற்ற, அதே தண்டிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை நெருக்கி உள்ளே அனுப்புகின்றது. சிறு கார்களில் இச்சக்கரம் நிமிடத்துக்கு 100,000 தடவைக்கு மேலும் சுழலும். கடல்மட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தலாக உள்ள காற்றமுக்கம், ஏறத்தாழ 500 மீற்றர் உயரமுள்ள எம் பகுதியில் நூற்றுக்கு ஆறளவு குறைகின்றது. அக்குறையை ஈடுசெய்வதும் டர்போவே.

நெருக்கிய காற்று றப்பர்க் குழாய் வழியே சென்று எஞ்சினுள் நுழையுமிடத்தைப் பட்டறைக்காரர் ‘துறொட்டில் பொடி’ என்பர். நாம் அதனைக் காற்றுவாயில் என்போம். அதனுள் இருக்கும் தட்டு, சாரதியின் கால் அழுத்தத்துக்கேற்பத் திறந்து மூடும்.

எஞ்சின் கொள்ளளவு நோக்கித் தீர்வை விதிக்கும் நம் நாட்டில், சிறிய டர்போ எஞ்சின்கள் வரவேற்புப் பெற்றன. 996 கன சென்ரிமீற்றர் கொண்ட ரொயோற்றா றைஸ் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் உள்ள வண்டியைப் பேணுவதே வழியாயிற்று. வண்டிக்கு வயது ஏற ஏற, வெப்பத்தாலும் எண்ணெய் ஆவியாலும் றப்பர் இறுகி வெடிக்கின்றது. அப்போது பலர் டர்போவையே மாற்ற முற்படுகின்றனர். ஒரு வளையத்தால் தீரும் குறைக்குப் பெரும்பணம் வீணாகின்றது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயையும் அதன் மூலத்தையும் அதைத் தணிக்கும் வழியையும் முறையே ஆராயச் சொல்கின்றது. அவ்வொழுங்கே இங்கும் ஏற்றது.

நோய்

கசிவு எங்குள்ளது என்பதை, அது எப்போது தோன்றுகின்றது என்பதே காட்டிவிடும். தட்டு மூடியிருக்கும்போது அதற்குப் பின்னால் வெளிக்காற்றிலும் அமுக்கம் குறைவு. ஆதலால் அங்குள்ள துளை காற்றை உள்ளே உறிஞ்சும். நின்றநிலையில் எஞ்சின் தடுமாறினாலோ, வேகம் தானே ஏறி இறங்கினாலோ, காற்றுவாயிலுக்குப் பின்னால் தேடுக. நின்றநிலையில் அமைதியாக இருந்து, ஏற்றத்தில் மட்டும் சீறல் ஒலியுடன் வலுவிழந்தால், டர்போவுக்கும் காற்றுவாயிலுக்கும் இடையே தேடுக. காற்றின் அளவை முன்கூட்டியே அளக்கும் உணரியுள்ள வண்டியில், அளந்த காற்று இடையில் தப்பிவிட, பெற்றோல் மிகுந்து கரும்புகை வரும்.

நோயின் மூலம்

பெரும்பாலும் குறை இணைப்புகளிலேயே இருக்கும்: தளர்ந்த அல்லது அளவுக்கு மீறி இறுக்கிய கிளிப்பு, வெடித்த குழாய், காற்றுவாயிலின் அடியிலுள்ள நைந்த வளையம், தட்டின் தண்டு தேய்ந்த இடம், பிரேக் உதவிக்குச் செல்லும் சிறுகுழாய்.

இறுதியாகக் கூறிய குழாயை எளிதாக எண்ணலாகாது. பல கார்களில் காற்றுவாயிலுக்குப் பின்னுள்ள குறையமுக்கமே பிரேக்குக்கு உதவுகின்றது. அங்கே கசிந்தால் மிதிகட்டை கடினமாகும். கடுகண்ணாவை இறக்கத்தில் அது உயிராபத்து. அக்குறி கண்டால், திருத்தும்வரை வண்டியைச் செலுத்தற்க.

தணிக்கும் வழி

எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிடுக. டர்போவின் உள்வாயை அடைப்பானால் மூடி, அமுக்கமானியுள்ள குழாயால் காற்றைச் சிறிது சிறிதாகச் செலுத்துக. 5 இறாத்தலில் தொடங்குதல் நன்று. அவ்வண்டியின் இயல்பான டர்போ அமுக்கத்தை ஒருபோதும் மிஞ்சலாகாது. அடைப்பான் தெறிக்கக்கூடும், அதற்கு நேரே நிற்கவேண்டாம். பின் சவர்க்கார நீரை இணைப்புகளில் பூசுக. குமிழி எழும் இடமே துளை. எஞ்சினின் வால்வுகளுள் சில எப்போதும் திறந்திருப்பதால், அமுக்கமானியின் முள் மெல்ல இறங்குவது குற்றமன்று. முள்ளை விட்டுக் குமிழியைப் பார்க்க. ஓடும் எஞ்சின்மேல் எரியக்கூடிய திரவத்தைத் தெளித்துச் சோதிக்கும் வழக்கம் தீங்கானது; டர்போவின் சூடு அதனைப் பற்றவைத்துவிடும்.

துளை கண்டபின், வளையத்தைப் புதிதாக இடுக. இரு முகங்களையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைக்க. பசைக் கூழை அப்பினால் அதன் துணுக்கு எஞ்சினுள் செல்லும். ஆணிகளை எதிரெதிராக, படிப்படியாக, தயாரிப்பாளர் விதித்த அளவுக்கே இறுக்குக. மிகையாக இறுக்கினால் முகம் கோணிப் புதிய கசிவு பிறக்கும். தண்டு தேய்ந்திருந்தால் காற்றுவாயிலையே மாற்ற நேரிடும். மின்னாற்றலால் இயங்கும் தட்டை விரலால் நெம்பற்க. வேலை முடிந்தபின், நின்றநிலை வேகத்தைக் கணினிக்கு மீளப் பயிற்றுதலும் சில வண்டிகளில் வேண்டும்.

முடிவில் மீண்டும் சவர்க்கார நீரால் சோதிக்க. குமிழி எழாத பின்னரே வண்டியை மலைக்கு எடுத்துச் செல்க. பொருளை மாற்றுவது எளிது. காரணத்தைக் காண்பதே கல்வி. வண்டி வைத்திருக்கும் பழைய மாணவர்கள், ஒரு கோப்பைச் சவர்க்கார நீரால் கண்டறியக்கூடிய குறைக்குப் பெரும்பணம் இறைக்குமுன், இச்சோதனையைத் தம் பட்டறையில் கேட்டுச் செய்விப்பாராக.