விழித்திரையில் கோடுகளைத் தேடும் கணினி

விழித்திரைப் படத்தில் இரத்த நாளங்கள், நம் காலிங்கராயன் வாய்க்காலும் அதன் கிளைகளும்போல, கோடுகளாகத் தெரியும். ஓரிடத்தில் குறுக்கே நிறம் சட்டென மாறி, நெடுக்கே மாறாதிருப்பின், அதனை நாளம் எனக் கணினி கொள்ளும். எல்லாத் திசையிலும் நிறம் மாறும் சிறு புள்ளி, நீரிழிவால் நேர்ந்த நாள வீக்கமாகவோ குருதிக் கசிவாகவோ இருக்கலாம்.

நோய் முற்றினால் நலிந்த புதுநாளங்கள் ஒழுங்கின்றிக் கிளைக்கும். அவை உடைந்தால் கண்ணுள் குருதி பரவிப் பார்வை மறையும். அதுவரை பார்வை தெளிவாகவே இருக்கக்கூடும்.

2016-இல் வெளியான கூகுள் ஆய்வில் கணினியைப் பயிற்றிய படங்களுள் அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அடங்கும். எனினும் கணினி சுட்டுவதை நேரில் சோதித்தே சிகிச்சையை முடிவு செய்கிறோம்.

நீரிழிவு உள்ளோர், கண்ணில் குறை தோன்றாவிடினும், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டுகிறோம். புதுநாளங்களை உரிய காலத்தில் கண்டால் லேசர் சிகிச்சையால் பார்வையிழப்பைப் பெரிதும் தடுக்கலாம்.