கை எட்டும் தூரம்தானே!

டேபிள் டென்னிஸ் பழகும் பிள்ளைகள் கால் அசைக்கச் சோம்பல்படும்போது சொல்லும் சாக்கு இது. மேஜையின் அகலம் 1.525 மீட்டர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஓரத்தில் குத்தி வெளியே விலகும் பந்தை, பின்னால் நிற்பவர் மேஜைக்கு வெளியேதான் பிடிக்க வேண்டும். கையை நீட்டினால் பந்தைத் தொடலாம், அடிக்க முடியாது. டாப்ஸ்பினுக்கு வேண்டிய விசை காலில் பிறந்து, இடுப்பு திரும்பி, தோள் வழியாக பேட்டுக்கு வருகிறது. உடம்பு சாய்ந்துவிட்டால் இடுப்பு திரும்பாது. நிமிர்வதற்குள் அடுத்த பந்தும் வந்துவிடும்.

'அடித்ததும் நடுவுக்கு வா' என்பது இன்னொரு தவறான பாடம். இதைச் சில கோச்சுகளே சொல்லிக்கொடுப்பதுதான் வேதனை. ஃபோர்ஹேண்டின் எட்டுதூரம் அதிகம் என்பதால், வலது கைக்காரர் பொதுவாக நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் தள்ளியே நிற்பார். அதுவும் நிரந்தர இடமல்ல. உங்களைப் போலவே வலது கையால் ஆடும் எதிராளியின் ஃபோர்ஹேண்ட் மூலைக்கு அகலமாக அடித்தீர்களா? அவர் திருப்பக்கூடிய கோணங்கள் உங்கள் வலப்பக்கம் சாய்ந்துவிடும். நீங்களும் ஓரடி வலப்பக்கம் நகர வேண்டியதுதான். நடுவில் போய் நின்றால் உங்கள் வலது மூலை திறந்தே கிடக்கும்.

'காலைக் குறுக்கே போடக் கூடாது' என்பது பாதி உண்மை. பக்கத்துப் பந்துக்குப் பக்கவாட்டு அடி போதும். ஃபோர்ஹேண்ட் பக்கம் எட்டாத தூரத்தில் போகும் பந்துக்குக் குறுக்கடி வைத்தே ஆக வேண்டும்.

ஸ்கிப்பிங் ஆடினால், மைதானத்தைச் சுற்றி ஓடினால் ஃபுட்வொர்க் வந்துவிடும் என்கிறார்கள். மூச்சு வரும், காலுக்குக் கட்டளை கண்ணிலிருந்துதானே வர வேண்டும்? எதிராளியின் பேட் பந்தைத் தொடும் நேரத்தில் மெல்லக் குதித்து, இரு பாதங்களின் முன்பகுதியிலும் எடையைச் சமமாக இறக்க வேண்டும். பந்து வலையைத் தாண்டிய பிறகு யோசிப்பவருக்குப் பாதி நேரம் போயே போச்சு. உதாரணமாக, லக்சம்பர்க் வீராங்கனை நி ஷியாலியன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தம் 61ஆவது வயதில் முதல் சுற்றை வென்றார். மேஜையை ஒட்டியே நின்று ஆடுபவர் அவர். ஓட்டம் குறைவு, கணிப்பு அதிகம்.

பயிற்சிக்கு, ஸ்வீடனின் ஃபால்கன்பர்க் ஊர்ப் பெயரால் வழங்கும் முறை நல்லது: இடது மூலையில் ஒரு பேக்ஹேண்ட், அங்கேயே சுற்றி வந்து ஒரு ஃபோர்ஹேண்ட், பிறகு வலது மூலைக்குப் பாய்ந்து இன்னொரு ஃபோர்ஹேண்ட். வரிசை பழகியதும், பந்து போடுபவரிடம் மூன்றாவதை எந்தப் பக்கமும் போடச் சொல்லுங்கள்.