மூலமும் படியும்

ஓலைச் சுவடி நெடுங்காலம் நில்லாது, செல்லரிக்கும், முறியும். ஆதலின் முன்னோர் அதனைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி வந்தனர். எழுதுவோர் கை தவறிய இடங்களிற் பாடம் வேறுபட்டது. உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் படிகளைத் தேடி ஒத்துநோக்கி, 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகளோ அவர் செல்லுமுன்னரே தீயில் இடப்பட்டுவிட்டன! அவர் தேடித் தொகுத்த சுவடிகளுக்கென 1943இல் அடையாற்றில் தோன்றிய நூல்நிலையம் இன்று பெசன்ட் நகரில் அவர் பெயரால் விளங்குகிறது.

கணிப்பொறி நிரல் எழுதுவோர்க்கும் இக்கவலை உண்டு. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய ‘கிட்’ என்னும் கருவியால் ஒரு களஞ்சியத்தைப் படியெடுத்தால், இறுதி வடிவம் மட்டுமன்றி அதன் திருத்த வரலாறு முழுவதும் கைக்கு வரும். மூலத்தின் ஒவ்வொரு கிளையும் அப்போது நின்ற நிலை, ‘ஆரிஜின்’ என்னும் பெயரோடு படியிற் குறிக்கப்பெறும். அக்குறிப்பு தானே மாறுவதன்று. மறுநாள் மூலத்தில் ஒருவர் பிழை திருத்தினும், ‘ஃபெட்ச்’ என்னும் கட்டளையிட்டுக் கேட்கும்வரை படியுடையார்க்குப் பழைய நிலையே தெரியும். கேட்டுப் பெற்ற பின்னும் அவருடைய சொந்தக் கிளை அப்படியே இருக்கும். இரண்டையும் ஒத்துநோக்கி இணைப்பது அவர் வேலை. மூலக் கணிப்பொறி பழுதுற்றாலும், எங்கோ ஒருவரிடம் உள்ள படியிலிருந்து, அவர் கடைசியாகக் கேட்டுப் பெற்ற நாள்வரை உள்ள அனைத்தையும் மீட்கலாம்.