தொண்டு செய்வாரைத் தாங்குதல்

உடற்குறையுடையார்க்கு உதவுதல் வேறு. அவர்க்குத் தொண்டு செய்வாரைத் தாங்குதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, முன்னதை ஓரளவு செய்து பின்னதை மறந்தோம் என்பது 2020ஆம் ஆண்டுக் கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்தை நோக்குவார்க்கு இனிது விளங்கும். சவ்வாது மலையை நிலைக்களனாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

சவ்வாது மலை ஒரே தொடர். எனினும் 2019இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னர் அது மூன்று மாவட்டங்களிற் பங்குபட்டுக் கிடக்கின்றது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலைக்கு உரியது. புதூர்நாடு திருப்பத்தூருக்கு உரியது. பீஞ்சமந்தையோ வேலூரைச் சார்ந்தது. ஆங்கு வாழ்வார் மலையாளி என்னும் பழங்குடியினர். (பெயர்கண்டு கேரள நாட்டவர் என மயங்கற்க, மலையில் வாழ்வார் என்பதே ஈண்டுப் பொருள்.) சாமை விளைத்தும், தேனும் புளியும் விற்றும் வாழும் இம்மக்களின் சிற்றூர்கள் ஒன்றற்கொன்று சேய்மையில் உள்ளன. நடக்கவியலாத பிள்ளையைத் தோளிற் சுமந்து கீழிறங்குவது தாய்க்கு ஒரு நாட் கூலியை இழப்பதாகும். ஆதலின் பயிற்சியளிப்போர் மேலேறி வருதலே தக்க முறை.

அப்பயிற்சியின் இயல்பை அறியாதார் அதனைச் சில திங்கள் நிறுத்தி வைக்கலாம் என எண்ணுவர். வளைபாதத்தோடு பிறந்த மகவை எடுத்துக்கொள்வோம். கிழமைதோறும் மாவுக்கட்டு மாற்றிப் பாதத்தைச் சிறிது சிறிதாக நேராக்குவர். பின்னர் இரு காலணிகளை ஒரு கம்பியால் இணைத்த கருவியை, ஏறத்தாழ நான்கு வயதளவும் இரவில் அணிவித்தல் வேண்டும். பாதம் வளர வளரக் காலணியும் மாறவேண்டும்; மாறாவிடின் பிள்ளை அணிய மறுக்கும்; அணியாவிடின் நேரான பாதம் மீண்டும் வளையும். மூளை முடக்குவாதமுற்ற பிள்ளைக்கோ கெண்டைத்தசை நாடோறும் நீவி நீட்டப்பெறாவிடின் இறுகிக் குதிகால் தரையில் ஊன்றாது போம். பயிற்சி நின்றுபோன ஆறு திங்களைப் பின்னர் ஈடுசெய்தல் எளிதன்று.

2020 மார்ச்சு 25இல் நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. சிறப்புப் பள்ளிகள் மூடப்பட்டன. மாற்றுத்திறனாளர் இல்லங்கள் ஏப்ரல் 20 முதல் இயங்கலாம் என நடுவணரசு விதி வகுத்தது நன்றே. ஆனால் இல்லமும் இன்றிப் பள்ளியும் இன்றி வீடுவீடாகச் செல்லும் தொண்டர் மாவட்ட எல்லையைக் கடக்கப் பெரும்பாலான நாட்களில் இ-பாஸ் வேண்டியிருந்தது. செப்டம்பர் 1இல்தான் அத்தடை மாநிலத்துள் நீங்கிற்று. ஒரே மலையில் மூன்று எல்லைகள்!

பொருளுதவி எங்ஙனம் சென்றது? தமிழக அரசு மாற்றுத்திறனாளர் சுமார் 13 லட்சம் பேருக்குத் தலைக்கு 1000 ரூபாய் வழங்கிற்று. முதியோர், கைம்பெண்டிரோடு ஓய்வூதியம் பெறும் மாற்றுத்திறனாளருக்கு நடுவணரசும் இரு தவணைகளில் 1000 ரூபாய் ஈந்தது. இவை அரிசியும் பருப்பும் வாங்க உதவின; பயிற்சியளிப்போரின் கூலியாகமாட்டா.

அவர்க்குக் கூலி தருவது தொண்டு நிறுவனம். அந்நிறுவனத்தின் ஊற்றுக்கண்களோ அவ்வாண்டு ஒவ்வொன்றாகச் சுருங்கலாயின. தீனதயாள் மறுவாழ்வுத் திட்ட மானியம் பயனாளரின் எண்ணிக்கை கொண்டு கணக்கிடப்படுவது; மாவட்ட அதிகாரியின் ஆய்வையும் பரிந்துரையையும் வேண்டுவது. கதவடைத்த பள்ளியில் எதனை எண்ணுவது? எதனை ஆய்வது? கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கொரோனாப் பணிக்குச் செலவிடலாம் என மார்ச்சு 23இல் அறிவிக்கப்பட்டது, பி.எம். கேர்ஸ் நிதியும் பின்னர் அதில் சேர்ந்தது. அது தவறெனக் கூறோம். பணம் அப்பக்கம் ஒழுகியது இயல்பே. செப்டம்பர்த் திங்களில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டு, ஒரு நிறுவனம் பெற்ற நன்கொடையை மற்றொன்றுக்கு அளித்தல் அறவே தடுக்கப்பட்டது. பெரிய நிறுவனத்தின் நிழலில் வாழ்ந்த சிறிய மலைநிறுவனங்கட்கு இதுவே பேரிடி என்பது எம் கருத்து.

ஆஸ்திரேலிய நாட்டார் அதே மார்ச்சில் வேறு வழி கண்டனர். தேசியக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ்த் தொண்டு செய்வார்க்கு ஒரு திங்கள் வருவாயை முன்பணமாக அளித்தனர். சில பணிகளின் விலையைப் பத்து விழுக்காடு உயர்த்தினர். முன்பணம் பின்னர்த் திருப்பப்பட வேண்டியதே; ஆயினும் பணியாளர் கலையாமல் நின்றனர். அவர்தம் செல்வம் நமக்கில்லை என்பார் உளர். ஒரு திங்கட் கூலியை முன்னரே கொடுத்துப் பின்னர்க் கழித்துக்கொள்ளுதற்குச் செல்வம் மிகுதியும் வேண்டுவதன்று, நம்பிக்கையே வேண்டுவது.

நாம் ஒருகால் மலையேறியபோது பயிற்சியளிக்கும் அம்மையார் ஒருவரைக் கண்டோம். கூலி பாதியாய்க் குறைந்த திங்கள்களில் வயலில் களையெடுத்து வீட்டை நடத்தினாராம். "வேலையை விடலாமென்று தோன்றவில்லையா, அக்கா?" என வினவினோம். "விட்டவர்கள் உண்டு தம்பி. அவர்கள் பார்த்த பிள்ளைகளையும் நானே பார்க்கவேண்டியதாயிற்று," என்றார்.

பின்னர் நன்மைகளும் விளைந்தன. கடுங்குறையுடையார்க்கு மாநில அரசு தரும் திங்கள் உதவி 2023 முதல் 2000 ரூபாய் ஆயிற்று. உலக வங்கியின் துணையோடு விழுதுகள் என்னும் சேவை மையங்களும் எழுந்துள்ளன. எனினும் மற்றொரு கொள்ளைநோய் வருமாயின், மானியத்தை வருகைப் பதிவுகொண்டன்றிப் பெயர்ப் பதிவுகொண்டு மூன்று திங்களேனும் தரல் வேண்டும். வீடு செல்லும் பயிற்சியாளர்க்கு மருத்துவப் பணியாளரொப்ப வழிவிடல் வேண்டும். இவற்றை நோயற்ற இந்நாளிலேயே எழுதி வைத்தல் நலம். அவ்வம்மையார் வீட்டுத் திண்ணையில், அளவு சிறுத்துப்போன இணைக்காலணிகள் ஆறேழு அடுக்கப்பட்டிருந்தன; அடுத்து வரும் மகவுக்கு ஆகுமென வைத்திருப்பதாகச் சொன்னார்.