எஸ்பொசிட்டோ என்னும் குடிப்பெயர்

தமிழர்க்குள் குடிப்பெயர் என ஒன்று பெரும்பாலும் வழங்குவதில்லை. தந்தையின் பெயர் ஓரெழுத்தாய்ச் சுருங்கி மகன் பெயர்க்கு முன் நிற்கும்; பேரனுக்கு வருங்கால் அவ்வெழுத்தும் மாறிவிடும். இத்தாலியரிடையே அங்ஙனமன்று. ஒருகால் அமைந்த பெயர் தலைமுறைதோறும் மாறாது தொடரும். அது தொழிலால் வந்ததாயின் பெர்ராரி (கொல்லன்) என்றும், மயிரின் செந்நிறத்தால் வந்ததாயின் ரொஸ்ஸி என்றும், ஊரால் வந்ததாயின் ரொமானோ என்றும் நிற்கும். 1563ஆம் ஆண்டில் திரெந்து நகரச் சங்கம் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் ஒவ்வொரு கோயிற்பங்கிலும் ஏட்டிற் பதிய வேண்டுமென விதித்தபின், இப்பெயர்கள் மேலும் உறுதிப்பட்டன. இவற்றுள் எல்லாம் முன்னோன் ஒருவன் இருக்கின்றான். அவன் கொல்லனோ, செம்மயிரனோ, உரோமாபுரியானோ ஆவான். யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பெயரோ முன்னோன் இன்னான் என அறியப்படாமையையே தன் பொருளாகக் கொண்டது.

இலத்தீன் மொழியில் 'எக்ஸ்' என்பது 'புறத்தே' எனப் பொருள்படும் முன்னொட்டு. 'பொனேரே' என்பது 'வைத்தல்'. இரண்டும் புணர்ந்தவழி 'எக்ஸ்பொசித்துஸ்' என்னும் சொல் பிறந்து, 'புறத்தே வைக்கப்பட்டவன்' என நின்றது. நம் இலக்கண நூலார் இதனை வினையாலணையும் பெயர் என்பர். மக்கள் வழக்கில் இச்சொல் தேய்ந்து 'எஸ்பொஸ்தோ' ஆயிற்று. ஏடெழுதினோர் கையில் மட்டும் பழைய உருவோடு ஒட்டி 'எஸ்பொசிட்டோ' என நிலைத்தது. 'பொ' என்னும் அசையை அழுத்தி ஒலித்தல் வேண்டும். ஸ்பெயின் நாட்டிலும் எக்ஸ்பொசித்தோ என்னும் பெயர் இதே பொருளில் வழங்குகின்றது. செயப்பாட்டு வினையில் வினைமுதலை மறைத்து நிற்றல் எளிது. வைக்கப்பட்டவன் உளன், வைத்தவர் யாவர் என்பதைச் சொல் கூறாது. இப்பெயரின் வரலாறு முழுதும் அம்மறைவினுள் அடங்கியிருத்தலை இனிக் காண்போம்.

பண்டை உரோமரிடையே, பிறந்த குழந்தையை ஏற்பதும் விடுப்பதும் குடும்பத் தலைவன் உரிமையாக இருந்தன. வேண்டாத குழந்தை வீட்டின் புறத்தே வைக்கப்பட்டது. கி.பி. 374இல் சிசுக்கொலை கொடுங்குற்றமெனச் சட்டம் எழுந்தது. எனினும் வறுமையும் பழியச்சமும் சட்டத்திற்கு அஞ்சுவன அல்ல. பிற்காலத்தில் மீனவர் வலைகளிற் சிசுக்களின் உடல்கள் அகப்பட்டது கேட்டு மனம் நொந்த மூன்றாம் இன்னொசெந்து பாப்பரசர், 1198இல் உரோமாபுரி மருத்துவச்சாலையிற் குழந்தைகளை ஏற்கும் சுழலி ஒன்றை அமைப்பித்தார் என்பது வழிவழி வரும் செய்தி.

இச்சுழலியை இத்தாலியர் 'ரூவொத்தா', அதாவது சக்கரம், என்பர். பெயர் பெரிதேயாயினும் பொருள் எளியது. சுவரிற் குடைந்த துவாரத்தினுள் மரத்தாலான உருளை ஒன்று நிற்கும். அதன் ஒருபுறம் மட்டும் திறந்திருக்கும். இரவில் ஒருத்தி வந்து, தெருப்புறமிருந்து குழந்தையை அதனுட் கிடத்தி, உருளையைத் திருப்பி, மணியை அடித்துவிட்டு அகல்வாள். உள்ளே காவலிருப்பவள் குழந்தையைக் காண்பாள், கொணர்ந்தவளைக் காணாள். நேப்பிள்ஸ் மாநகரத்தில், 14ஆம் நூற்றாண்டில் தோன்றிய அன்னுன்சியாத்தா என்னும் மாதா கோயிலைச் சார்ந்த அறச்சாலையில் இத்தகைய சுழலி பன்னெடுங்காலம் சுழன்றது. அங்கு வந்த மதலைகளை ஊரார் 'மாதாவின் பிள்ளைகள்' என அன்போடு அழைத்தனர். ஏட்டில் எழுதுங்கால் மட்டும் 'எஸ்பொசிட்டோ' என எழுதினர். ஊர்வாய் வைத்த பெயரே அருளுடையது. ஏடு வைத்த பெயரே நிலைத்தது!

குழந்தை வந்த நாளும் அதன் உடையும் ஏட்டில் ஏறும். உடன் வைத்த அடையாளப் பொருளும் குறிக்கப்படும். இவ்வடையாளம் பெரும்பாலும் இரண்டாக வெட்டிய பதக்கத்தின் ஒரு பாதியாக இருக்கும். மறுபாதி தாயிடம். என்றேனும் நல்ல காலம் வருமாயின் இரு பாதிகளையும் பொருத்திப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம் என்பது அவள் நினைவு. இத்தகைய பாதிப் பதக்கங்கள் பல பிளாரன்சு நகரத்துக் காட்சிசாலையில் இன்றும் உள்ளன. அவை இன்னும் பாதியாகவே இருத்தலைக் கருதுவார்க்கு மேலும் கூற வேண்டுவதில்லை. வைத்தவரெல்லாம் மணமாகாத மகளிர் என எண்ணுதலும் தகாது. மணமுடித்தும் மற்றொரு வாய்க்கு உணவளிக்க இயலாத ஏழைகள் அவருட் பலர்.

பிற நகரங்களும் தத்தம் மதலைகட்குப் பெயரிட்டன. உரோமாபுரியில் 'ப்ரொயெத்தி', அதாவது எறியப்பட்டோர் என்னும் பெயர் வழங்கிற்று. நேப்பிள்ஸ் பெயரினும் கடியது இது. மிலான் நகரத்துப் பெரிய மருத்துவச்சாலையின் சின்னம் புறாவாதலின், அங்கு வளர்ந்தோர் 'கொலொம்போ' எனப்பட்டனர். ஆயினும் அப்பெயருடையோர் அனைவரும் அத்தகையோர் என எண்ணற்க. கடல் கடந்து அமெரிக்கா கண்ட கொலம்பசும் அப்பெயரினனே, அவன் தந்தையோ ஜெனோவாவில் யாவரும் அறிந்த நெசவுத் தொழிலாளி. பிளாரன்சில் புருனெல்லெஸ்கி என்னும் சிற்பி 1419இல் வகுத்த மனையில், 1445 பிப்ரவரி 5ஆம் நாள் முதற் குழந்தை ஏற்கப்பட்டது. அன்று புனித ஆகத்தாவின் திருநாளாகலின் அப்பெண்மகவு ஆகத்தா எனப்பட்டது. அம்மனைக்கு 'இன்னொசெந்தி', மாசற்றோர், என்று பெயர். வளர்ந்த பிள்ளைகட்கும் அதுவே குடிப்பெயர். ஒரே துன்பத்தை ஓரூர் எறியப்பட்டவர் என்றது. மற்றோரூர் மாசற்றோர் என்றது. எம்மைக் கேட்பின், பெயரிடுதலிற் பிளாரன்சு நகரத்தாரே வல்லுநர் என்போம்.

இவ்விடத்து விவிலியம் பயின்றார்க்கு மோசேயின் நினைவு வாராதிராது. நாணற்பேழையில் ஆற்றங்கரையில் வைக்கப்பட்டவனை அரசகுமாரி கண்டெடுத்து, நீரினின்று எடுத்ததனால் அப்பெயரிட்டாள் என யாத்திராகமம் கூறும். அவன் பெயர் எடுத்த கையை நினைப்பிக்கின்றது. எஸ்பொசிட்டோவோ விடுத்த கையை நினைப்பிக்கின்றது. எடுத்து வளர்த்தோர் இருபாலும் உளராகவும், நேப்பிள்ஸ் ஏட்டுப் பெயரில் அவர்க்கு இடமில்லாது போயிற்று.

பெயரே பிறப்பைத் தெருவெங்கும் அறிவித்தமையால், பள்ளியிலும் தொழிலிலும் மணப்பேச்சிலும் அது வடுவாயிற்று. 1808 முதல் 1815 வரை நேப்பிள்சை ஆண்ட மியூரா மன்னன் காலத்தில் இப்பெயரை இடுதல் தடுக்கப்பட்டது. 1875இல் அன்னுன்சியாத்தாவின் சுழலியும் மூடப்பட்டது. ஆயினும் அதற்கு முன்னரே பெயர் பெருகிவிட்டது. பெருகியதன் காரணம் நோக்கத்தக்கது: ஏனைக் குடிப்பெயர் ஒரு வேரினின்று கிளைத்தல் உண்டு, இதுவோ நாடோறும் புதிதாக ஊன்றப்பட்டது. ஆகவே எஸ்பொசிட்டோ இருவர் சந்திப்பின் அவர் உறவினராதல் அரிது. இன்று நேப்பிள்சில் மிகப் பரவிய குடிப்பெயர் இதுவே. இத்தாலி முழுதும் எண்ணினும் முதல் வரிசையில் நிற்பது. 1889இல் மார்கரீத்தா அரசிக்குப் பீட்சா அளித்தான் எனக் கூறப்படும் அடுதொழிலாளன் பெயர் ரபயேலே எஸ்பொசிட்டோ. கப்பலேறியோரால் கனடாவிற்கும் அமெரிக்காவிற்கும் சென்று, பனித்தள ஹாக்கி வீரர் பில் எஸ்பொசிட்டோ, நடிகர் ஜியான்கார்லோ எஸ்பொசிட்டோ முதலியோரால் அங்கும் புகழுற்றது. அங்கே அதன் பொருளை வினவுவார் அரியர்.

பெற்றோர் அறியப்படாத பிள்ளைக்குப் பிறப்பைக் காட்டும் பெயரிடலாகாது என 1939ஆம் ஆண்டு விதி கூறிற்று; 2000ஆம் ஆண்டு விதியும் அதனை வலியுறுத்திற்று. 2012இல் எழுந்த சட்டம் பிள்ளைகள் அனைவர்க்கும் ஒரே நிலை என்றது. இனி இப்பெயர் ஏட்டால் வாராது, வழிமுறையால் மட்டும் வரும். அதிலும் ஒரு மாறுதல் உண்டு. சுழலியில் வந்த பெண்மக்கள் பெயர் அவர் மக்களுக்குச் செல்லாது அவரோடு ஒழிந்தது. மக்கள் தந்தை பெயரையே தாங்கினர். 2022இல் இத்தாலியின் அரசியலமைப்பு மன்றம் அவ்வழக்கத்தை நீக்கி, பெற்றோர் வேறு உடன்பாடு செய்யாதவிடத்துக் குழந்தை இருவர் பெயரையும் பெறும் எனத் தீர்த்தது. ஆகவே எஸ்பொசிட்டோ என்னும் பெயர் இப்பொழுது தாய்வழியாகவும் இறங்கும்.