மணம் தரும் ஓரெழுத்து

மாசி, பங்குனி மாதங்களில் ஐதராபாத்தின் மாரெட்பள்ளித் தெருக்களில் திராட்சை விற்கும் தள்ளுவண்டிகள் நிறைந்து காணப்படும். தெலுங்கு பேசுவோர் அப்பழத்தைத் ‘திராட்ச’ என்பர். இந்தியும் உருதும் பேசுவோர் ‘அங்கூர்’ என்பர். தமிழர் ‘திராட்சை’ என்பர். ‘கொடிமுந்திரி’ என்னும் பெயரும் தமிழில் அதற்கு உண்டு.

ஐதராபாத்துக்குப் பெருமை சேர்த்த திராட்சை ‘அனப்-இ-ஷாஹி’ ஆகும். ‘அரச திராட்சை’ என்பது இதன் பொருள். இதன் பழங்கள் பெரியவை. வெளிர்நிறமும் மிகுந்த சாறும் உடையவை. தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு, பன்னீர்த் திராட்சைக்குப் பெயர் பெற்றது. கருநீலத் தோலும் விதைகளும் கொண்ட இப்பழம் ரோசாமலரை நினைவூட்டும் மணமுடையது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

அனப்-இ-ஷாஹியில் இல்லாத இம்மணம் பன்னீர்த் திராட்சைக்கு எங்கிருந்து வந்தது? மண்ணும் நீரும் வெயிலும் பழத்தின் சுவையை மாற்றக்கூடியவையே. ஆயினும், ஒரே தோட்டத்தில் அருகருகே நட்டாலும் இவ்விரு கொடிகளின் பழங்களும் ஒன்றுபோல் மணப்பதில்லை. எனவே, மணத்தின் காரணத்தைக் கொடியின் மரபணுவிலும் தேட வேண்டும்.

திராட்சையின் உயிரணுவில் 19 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் பொதிந்துள்ள மரபுச்செய்தி நான்கே வேதியெழுத்துகளால் ஆனது. பிரான்சு, இத்தாலி நாடுகளின் அறிஞர்கள் 2007ஆம் ஆண்டு அச்செய்தியைப் படித்து வெளியிட்டனர். அதன் நீளம் ஏறத்தாழ 50 கோடி எழுத்துகள்!

பின்னர், மணமுள்ள வகைகளையும் மணமற்ற வகைகளையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். 5ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் வேறுபாடு தெரிந்தது. மஸ்கட் எனப்படும் மணத்திராட்சை வகைகளில் அம்மரபணுவின் ஓரெழுத்து மாறியிருந்தது. ‘மனம்’ என்னும் சொல்லில் னகரம் ணகரமானால் ‘மணம்’ எனப் பொருள் மாறுகிறதன்றோ? அதுபோல, இந்த ஓரெழுத்து மாற்றத்தால் ஒரு நொதியின் செயல்திறன் கூடுகிறது. மணப்பொருள்களுக்கான மூலப்பொருள் மிகுதியாக உருவாகிறது. அதிலிருந்து லினலூல், ஜெரானியால் போன்றவை தோன்றுகின்றன. கொத்தமல்லி விதையின் மணத்துக்கு லினலூலும், ரோசாவின் மணத்துக்கு ஜெரானியாலும் காரணமாகின்றன.

பன்னீர்த் திராட்சையின் உலகப்பெயர் ‘மஸ்கட் ஹாம்பர்க்’. அதன் பெற்றோருள் ஒன்று ‘மஸ்கட் ஆப் அலெக்சாண்டிரியா’ என்னும் பழைய மணவகை. மணம் தரும் எழுத்து அதனிடமிருந்தே வந்தது. ஐரோப்பாவில் மஸ்கட் பழங்களிலிருந்து மணமிக்க திராட்சை மதுவும் வடிக்கப்படுகிறது.

விதையிலிருந்து முளைக்கும் கன்றுக்கு அவ்வெழுத்து வந்து சேரலாம், சேராமலும் போகலாம். ஆதலால், உழவர் விதையை நடுவதில்லை. தாய்க்கொடியின் முற்றிய தண்டை வெட்டி, வேர்விடச் செய்து நடுகின்றனர். இவ்வாறு தண்டுவழியே மணம் மாறாமல் தொடர்கிறது.

இன்று சந்தையில் விதையில்லாத திராட்சையையே பலர் விரும்பி வாங்குகின்றனர். விற்காத வகையை உழவரால் நெடுநாள் வளர்க்க இயலாது. ஒரு வகை மறைந்தால், அதற்கே உரிய மரபுச்சேர்க்கையும் அதனோடு மறையும். அதனைத் தடுக்கவே, புணேயில் உள்ள தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் போன்றவை பலவகைக் கொடிகளைப் பேணி வருகின்றன. மணமும் விதையின்மையும் ஒருங்கே அமைந்த புதுவகைகளை உருவாக்கவும் இவ்வறிவு உதவும். பழம் பழுக்கும்வரை பல ஆண்டுகள் காத்திராமல், இளங்கன்றின் இலையை ஆய்ந்தே அதில் மண எழுத்து உள்ளதா என அறியலாம்.

சொற்பொருள்
மரபணு – பெற்றோரின் பண்பைச் சந்ததிக்குக் கடத்தும் கூறு
நொதி – உயிரணுவில் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்
பேணுதல் – பாதுகாத்தல்

பயிற்சி
1. பன்னீர்த் திராட்சைக்கும் அனப்-இ-ஷாஹிக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
2. உழவர் திராட்சை விதையை நடாமல் தண்டை நடுவது ஏன்?
3. பொருள் வேறுபாடு அறிந்து தொடரில் அமைக்க: மனம் – மணம், அரை – அறை, விலை – விளை.
4. உங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, அவர்கள் ஊருக்கே உரிய பழம் அல்லது நெல்வகை ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.